ராமநாதபுரத்தில் ஒரு என்.டி.ஏ. பயிற்சி மையம்: கட்டிய கட்டணத்துக்குக் கிடைத்ததும் கிடைக்காததும்

ராமநாதபுரம் நகரில் இயங்கும் ஒரு பயிற்சி மையத்தைப் பற்றியது இந்த மதிப்புரை. தேசியப் பாதுகாப்புக் கழகம் என்று எழுத்திலும் என்.டி.ஏ. என்று பேச்சிலும் நாம் குறிப்பிடும் முப்படைப் பயிற்சிக் கழகத்தின் நுழைவுத் தேர்வுக்கு, பிளஸ் டூ மாணவர்களைத் தயார் செய்யும் மையம் அது. என் மகன் 2024 ஜூன் முதல் 2025 ஏப்ரல் வரை சனி, ஞாயிறுகளிலும் பள்ளி விடுமுறை நாட்களிலும் அங்கே படித்தான். எழுத்துத் தேர்வு வகுப்புக்கு 34,000 ரூபாயும், அதன்பின் தேர்வுக் குழுவின் ஐந்து நாள் சோதனைக்கான பத்து நாள் முகாமுக்கு 18,000 ரூபாயும் கட்டினோம். அவன் இப்போது புனேக்கு அருகே கடக்வாஸ்லாவில் முதல் பருவத்தில் இருக்கிறான். பிள்ளை தேர்வாகிவிட்டான் என்பதற்காக மையம் செய்ததெல்லாம் சரி என்று எழுதிவிட எனக்கு மனம் வரவில்லை. குறைகளைச் சொல்கிறேன் என்பதற்காக அங்கே கிடைத்த நல்ல ஆசிரியர் ஒருவரின் உழைப்பை மறைப்பதும் நியாயமில்லை. மையத்தின் பெயரை நான் குறிப்பிடவில்லை. நான் விசாரித்த அளவில் இதே குறைகள் வேறு சில மையங்களிலும் இருக்கின்றன. ஒன்றை மட்டும் பெயர் சொல்லித் தனியே நிறுத்துவது சரியாக இராது.

நாங்கள் பாம்பனில் இருக்கிறோம். என் கணவர் நாட்டுப்படகில் தொழில் செய்கிறார். நான் அரசு நடுநிலைப் பள்ளியில் தமிழ் ஆசிரியை. மகன் பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் தமிழ் வழியில் படித்தவன். உச்சிப்புளியில் கடற்படையின் பருந்து விமானதளம் இருப்பதாலும், மண்டபத்தில் கடலோரக் காவல்படையின் ஹோவர்கிராஃப்ட் படகுகள் கரையேறி நிற்பதாலும், எங்கள் கரையில் சீருடை என்பது குழந்தைகள் தினமும் பார்க்கிற ஒன்று. படைக்குப் போய் ஓய்வு பெற்று வந்தவர்களும் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். ஆனால் அவர்களில் பெரும்பாலோர் படைவீரர்களாகச் சேர்ந்தவர்கள். பதினேழு வயதில் ஒரு தேர்வு எழுதி, மூன்றாண்டுகள் பட்டப்படிப்போடு பயிற்சியும் பெற்று அதிகாரியாக வெளிவரும் வழி ஒன்று இருக்கிறது என்பது எங்கள் பக்கத்துப் பெற்றோர்களில் பலருக்கு இன்றும் தெரியாது.

அந்த மையத்தின் முதல் குறையும் இங்கேதான் தொடங்குகிறது. வாசலில் இருக்கும் பலகையில் அக்னிவீர், காவலர், கடலோரக் காவல்படை, என்.டி.ஏ. எல்லாம் ஒரே வரிசையில், ‘வேலை உறுதி’ என்ற தலைப்பின் கீழ் எழுதப்பட்டிருக்கின்றன. 2022-இல் அறிவிக்கப்பட்ட அக்னிபத் திட்டத்தில் அக்னிவீராகச் சேருபவருக்கு நான்காண்டுப் பணி. அதன் முடிவில் ஒவ்வொரு அணியிலும் 25 விழுக்காடு வரையிலானவர்களே நிரந்தரமாகத் தக்கவைக்கப்படுகிறார்கள். என்.டி.ஏ. என்பதோ ஒரு கல்லூரி. அங்கே சேருபவர் பட்டம் வாங்குகிறார், அதன்பின் தாம் தேர்ந்தெடுத்த படையின் கழகத்தில் மேலும் ஓராண்டளவு பயிற்சி பெற்று, அதிகாரியாக நிரந்தரப் பணியில் அமர்கிறார். இவ்விரண்டையும் ஒரே கூடத்தில், ஒரே முதல் நாள் சொற்பொழிவில் அடக்கிவிட்டார்கள். அன்றைக்கு என்னோடு உட்கார்ந்திருந்த தாய்மார்களில் இருவர், தங்கள் பிள்ளை எதில் சேர்ந்திருக்கிறான் என்பதைத் தெளிவாக அறியாமலே பணம் கட்டினார்கள்.

இனி நல்லதைச் சொல்கிறேன், ஏனென்றால் அதுவே எங்கள் பிள்ளையை எழுத்துத் தேர்வில் கரையேற்றியது. மத்திய அரசுப் பணியாளர் தேர்வாணையமான யு.பி.எஸ்.சி. ஆண்டுக்கு இரண்டு முறை நடத்தும் இந்தத் தேர்வில் கணிதத்துக்கு 300 மதிப்பெண், பொதுத்திறன் தாளுக்கு 600 மதிப்பெண். ஒவ்வொன்றுக்கும் இரண்டரை மணி நேரம். வினாத்தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டுமே வரும். தமிழ் வழியில் படித்த பிள்ளைக்குக் கணிதம் தெரியாமல் போவதில்லை. கேள்வி எதைக் கேட்கிறது என்பது தெரியாமல் போகிறது. மையத்தின் கணித ஆசிரியர் இதை முதல் வாரத்திலேயே கண்டுகொண்டார். தமிழ் வழி மாணவர்கள் ஒன்பது பேரையும் தனியே உட்காரவைத்து, ஆளுக்கொரு நீளக் குறிப்பேடு வாங்கச் சொல்லி, இடப்பக்கம் நம் பாடநூல் சொல்லையும் வலப்பக்கம் வினாத்தாள் சொல்லையும் எழுதவைத்தார். அணிக்கோவை என்றால் டிட்டர்மினன்ட், தொகையிடல் என்றால் இன்டக்ரேஷன், வகையிடல் என்றால் டிஃபரன்ஷியேஷன், நிகழ்தகவு என்றால் ப்ராபபிலிட்டி என்று தொடங்கிய அந்தப் பட்டியல், மார்கழி முடிவதற்குள் நானூறு சொற்களைத் தாண்டிவிட்டது. சொல்லைத் தனியாக எழுதவைக்காமல், அந்தச் சொல் வரும் ஒரு பழைய கேள்வியையும் கீழே எழுதித் தீர்க்கவைத்ததுதான் அவருடைய முறையின் சிறப்பு. தமிழ் ஆசிரியையான நான் அந்தக் குறிப்பேட்டைப் பல இரவுகள் புரட்டிப் பார்த்திருக்கிறேன். நம் கலைச்சொற்களைக் கைவிடச் சொல்லாமல், அவற்றையே படியாக வைத்து மறுகரைக்கு ஏற்றிவிட்ட ஓர் ஆசிரியரை என் பணிக்காலத்தில் நான் அதிகம் கண்டதில்லை.

பாடத்திட்டமும் அந்நியமானதில்லை. இயற்கணிதம், அணிகள், முக்கோணவியல், இரு பரிமாண, முப்பரிமாண வடிவியல், நுண்கணிதம், வெக்டர், புள்ளியியல், நிகழ்தகவு ஆகிய அனைத்தும் நம் பிளஸ் ஒன், பிளஸ் டூ பாடநூல்களில் இருப்பவையே. வேறுபாடு வேகத்தில் இருக்கிறது. 120 கேள்விகளுக்கு 150 நிமிடங்கள், அதாவது ஒரு கேள்விக்கு 75 விநாடிகள். பொதுத்தேர்வில் பத்து வரிகளில் படிப்படியாக எழுதி மதிப்பெண் வாங்கிப் பழகிய பிள்ளைக்கு இது வேறோர் உலகம். சரியான விடைக்கு இரண்டரை மதிப்பெண். தவறினால் அதில் மூன்றில் ஒரு பங்கு போய்விடும். கடந்த சில ஆண்டுகளில் எழுத்துத் தேர்வின் தகுதி மதிப்பெண் 900-க்கு ஏறத்தாழ 290 முதல் 360 வரை இருந்திருக்கிறது; ஒவ்வொரு தாளிலும் குறைந்தபட்ச விழுக்காடு ஒன்றையும் தனியாக எட்ட வேண்டும். எனவே எல்லாக் கேள்விகளையும் தொட வேண்டியதில்லை, தெரிந்தவற்றைப் பிழையின்றி முடித்தால் போதும் என்ற கணக்கை அந்த ஆசிரியர் மாணவர் மனத்தில் பதித்தார். என் மகன் 2024 செப்டம்பர் 1 அன்று எழுதிய முதல் தேர்வில் எண்பது கணக்குகளுக்கு மேல் விடையளித்தும் கணிதத்தில் அந்தக் குறைந்தபட்சத்தைத் தொடவில்லை. அடுத்த முறை ஐம்பத்தெட்டு கணக்குகளோடு நிறுத்திக்கொண்டான்.

அந்த இரண்டாம் தேர்வு 2025 ஏப்ரல் 13 அன்று மதுரையில் நடந்தது. அதற்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமைதான் பாம்பனில் புதிய ரயில் பாலம் திறக்கப்பட்டது. 2022 டிசம்பரில் பழைய பாலத்தில் ரயில் நின்றதிலிருந்து எங்கள் தீவுப் பிள்ளைகள் எதற்கும் பேருந்தையே நம்பியிருந்தார்கள். மகன் பத்து மாதங்களும் ராமநாதபுரத்துக்குப் போய்வந்தது பேருந்தில்தான். ஒரு வழிக்கே ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். கடைசி வகுப்பு ஆறரைக்கு முடிந்ததால் வீடு வந்து சேர எட்டு மணியைத் தாண்டிவிடும். தீவிலிருந்து வரும் பிள்ளைகளுக்காக அரை மணி முன்னதாக முடியுங்கள் என்று இரண்டு முறை கேட்டோம், நடக்கவில்லை. சேர நினைப்பவர்கள் இதையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

ஆங்கில வகுப்பு எனக்கு நிறைவளிக்கவில்லை. பொதுத்திறன் தாளின் 600-இல் 200 ஆங்கிலத்துக்கு உரியது. அதற்கு அவர்கள் செய்ததெல்லாம் சொற்பட்டியல்களை நகலெடுத்துக் கொடுத்து மனப்பாடம் செய்யச் சொன்னதுதான். பட்டியலில் படித்த சொல் வாக்கியத்துக்குள் வந்தால் பிள்ளைகள் தடுமாறினார்கள். அந்தக் குறையை வீட்டில் ஓர் ஆங்கில நாளிதழை வரவழைத்து, தினம் ஒரு தலையங்கத்தைச் சத்தமாக வாசித்து ஓரளவு ஈடுசெய்தோம். மீதி 400 மதிப்பெண்ணுக்கான இயற்பியல், வேதியியல், வரலாறு, புவியியல் பகுதிகள் தரமாகவே நடந்தன. அவற்றைப் பற்றி விரித்துச் சொல்ல எதுவும் இல்லை.

ஆனால் ஒரு விஷயத்தில் மையத்தின் அலட்சியத்தை என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. மகனோடு படித்த ஒரு பையன், தொண்டிப் பக்கத்தவன், எழுத்துத் தேர்விலும் ஐந்து நாள் சோதனையிலும் தேறி, மருத்துவப் பரிசோதனையில் நிறக்குருடு என்று திருப்பி அனுப்பப்பட்டான். ஒரு கண் மருத்துவமனையில் சில நிமிடங்களில் தெரிந்துவிடக்கூடிய குறை அது. பயிற்சியால் மாற்ற முடியாததும்கூட. சேர்க்கை நாளன்றே ‘முதலில் கண்ணைப் பரிசோதித்துக்கொண்டு வாருங்கள்’ என்று ஒரு வரி சொல்லியிருந்தால், அந்தக் குடும்பம் தன் ஓராண்டையும் பணத்தையும் வேறு வழியில் செலவிட்டிருக்கும். உயரம், எடை, காது, பாதத்தின் அமைப்பு ஆகியவற்றுக்கும் வரையறைகள் உண்டு. பச்சை குத்துவதற்கும் கட்டுப்பாடு இருக்கிறது. முழங்கையின் உட்பக்கத்திலிருந்து மணிக்கட்டு வரையிலும் புறங்கையிலும் மட்டுமே அது ஏற்கப்படும். எங்கள் கடற்கரைப் பிள்ளைகள் திருவிழாக்களில் தோளிலும் கழுத்திலும் குத்திக்கொள்கிற வழக்கம் உள்ளதால் இதை அழுத்திச் சொல்கிறேன். தற்காலிகக் குறை என்றால் 42 நாட்களுக்குள் மறுபரிசோதனை உண்டு என்ற செய்தியைக்கூட நாங்கள் யு.பி.எஸ்.சி. அறிவிக்கையைப் படித்துத்தான் தெரிந்துகொண்டோம்.

வகுப்பில் நாற்பத்தொருவரில் பெண்கள் இருவர். 2021 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் இடைக்கால ஆணை பிறப்பித்த பிறகே பெண்கள் இத்தேர்வை எழுத முடிந்தது. 2022-இல் உள்ளே சென்ற முதல் அணியினரில் 17 பேர் 2025 மே மாதம் பயிற்சியை முடித்து அணிவகுத்து வெளிவந்தார்கள். அந்தப் படத்தை வகுப்பறைச் சுவரில் ஒட்டியவர்களும் அந்த இரண்டு பெண்களே. பெண்களுக்குத் தேர்வுக் கட்டணம் கிடையாது. இடங்கள் மிகக் குறைவு என்பதையும் அவர்களுக்குத் தெளிவாகச் சொல்லியே பயிற்சி கொடுத்தார்கள். இதில் மையத்தின் நேர்மையைப் பாராட்டுகிறேன்.

இனி அந்த 18,000 ரூபாய் முகாம். எழுத்துத் தேர்வில் தேறியவர்களை எஸ்.எஸ்.பி. என்னும் தேர்வுக் குழு ஐந்து நாட்கள் தங்கவைத்துச் சோதிக்கிறது. முதல் நாள் வடிகட்டலில் கணிசமானவர்கள் வீடு திரும்பிவிடுவார்கள். எஞ்சியவர்களுக்கு உளவியல் எழுத்துச் சோதனை, குழுச் செயல்பாடுகள், நேர்காணல் ஆகியவை நடந்து, ஐந்தாம் நாள் எல்லா மதிப்பீட்டாளர்களும் கூடி முடிவெடுப்பார்கள். எழுத்துத் தேர்வின் 900-க்கு ஈடாக இதற்கும் 900 மதிப்பெண். ஒரு படத்தை முப்பது விநாடி காட்டி, நான்கு நிமிடங்களில் கதை எழுதச் சொல்வார்கள். ஒரு சொல்லைக் காட்டிப் பதினைந்து விநாடியில் ஒரு வாக்கியம் எழுதச் சொல்வார்கள், இப்படி அறுபது சொற்கள்.

இதற்கு முகாமில் என்ன செய்தார்கள் என்றால், இருபது ஆயத்தக் கதைகளை அச்சிட்டுக் கையில் கொடுத்தார்கள். ஒவ்வொன்றிலும் ஓர் இளைஞன் கிராமத்து மக்களைத் திரட்டி மருத்துவ முகாம் நடத்துவான், அல்லது வெள்ளத்தில் சிக்கியவர்களை மீட்பான். எந்தப் படம் வந்தாலும் அவற்றில் ஒன்றைப் பொருத்திவிட வேண்டும் என்பது அறிவுரை. சொற்களுக்கும் அப்படியே, தயார் வாக்கியங்கள். நேர்காணலில் ‘உன் குறை என்ன’ என்று கேட்டால் சொல்ல வேண்டிய குறையையும் அவர்களே எழுதிக் கொடுத்திருந்தார்கள். மகன் ஊருக்கு வந்து அந்தத் தாள்களை என்னிடம் காட்டியபோது எனக்கு வருத்தமாக இருந்தது. ஒரு பிள்ளையின் மனத்தை அறிவதற்காக வைத்திருக்கும் சோதனைக்கு, வேறொருவரின் மனத்தை எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். இது நேர்மைக்குப் புறம்பானது என்பது ஒருபுறம் இருக்க, பலனும் தராது. கதையைப் படிக்கும் உளவியலாளர் ஒருவர், களத்தில் பார்க்கும் அதிகாரி ஒருவர், நேர்காணல் செய்பவர் ஒருவர் என்று மூவர் தனித்தனியே மதிப்பிட்டுக் கடைசி நாளில் ஒப்பிடுகிறார்கள். காகிதத்தில் வெள்ளத்தில் நீந்தியவன், களத்தில் பத்துப் பேர் நடுவே வாய் திறக்காமல் நின்றால் அந்த முரண் அங்கே வெளிப்பட்டுவிடும்.

எங்கள் வீட்டில் இதைச் சரிசெய்தவர் என் கணவரின் அண்ணன். தரைப்படையில் ஹவில்தாராக இருந்து ஓய்வு பெற்றவர். அந்தத் தாள்களை வாங்கி ஓரமாக வைத்துவிட்டு, ‘தம்பி, உன் வாழ்க்கையில் நீயே முடிவெடுத்துச் செய்த காரியங்களை எழுது, சின்னதாக இருந்தாலும் சரி’ என்றார். மகன் எழுதினான்: தடைக்காலத்தில் அப்பாவோடு வலை பின்னியது, கச்சான் காற்றில் நங்கூரக் கயிறு அறுந்தபோது நண்பர்களைக் கூப்பிட்டு வல்லத்தைக் கரை சேர்த்தது, பள்ளியில் குடிநீர்க் குழாய்க்காகத் தலைமையாசிரியரிடம் மூன்று முறை மனுக் கொடுத்தது. 2025 ஆகஸ்டில் பெங்களூரில் அவன் எழுதிய கதைகளும் பேசிய பேச்சும் இவற்றிலிருந்து வந்தவையே. குழுச் செயல்பாட்டில் பலகைகளையும் கயிற்றையும் கொண்டு தடையைக் கடக்க வேண்டியிருந்தபோது, படகுக்காரர் வீட்டுப் பிள்ளைக்கு முடிச்சுப் போட யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. நேர்காணலில் பெரும்பகுதி நேரம் அவன் ஊரைப் பற்றியே கேட்டிருக்கிறார்கள். பாக் விரிகுடாவுக்கும் மன்னார் வளைகுடாவுக்கும் ஆழத்திலும் மீனிலும் என்ன வேறுபாடு, ஏப்ரல் 15 முதல் 61 நாட்கள் ஏன் விசைப்படகுகள் கடலுக்குப் போவதில்லை, பழைய பாம்பன் பாலத்தின் தூக்கு எப்படி இயங்கியது, புதிய பாலத்தில் 72.5 மீட்டர் நீளமுள்ள நடுப்பகுதி எப்படிச் செங்குத்தாக 17 மீட்டர் உயர்கிறது என்றெல்லாம். இவற்றில் எதையும் அந்தப் பத்து நாள் முகாம் தொடவில்லை. அந்தப் பணத்தை நாங்கள் மிச்சப்படுத்தியிருக்கலாம் என்பது என் உறுதியான கருத்து. மேலும், குறிப்பிட்ட நுழைவு வகைக்கு முதல் முறை எஸ்.எஸ்.பி.க்குப் போகிறவருக்கு மூன்றாம் வகுப்பு ஏ.சி. ரயில் கட்டணம் திரும்பக் கிடைக்கும். பயணச்சீட்டைப் பத்திரமாக வைத்திருங்கள் என்று சொல்லக்கூட அங்கே ஆளில்லை.

மையத்தின் வாசலில் கலாம் அவர்களின் பெரிய படம் இருக்கிறது. டேராடூனில் விமானப்படைத் தேர்வுக்குப் போன அவர், எட்டு இடங்களுக்கு ஒன்பதாவதாக வந்து திரும்பியவர் என்பதை எங்கள் தீவில் பள்ளிப் பிள்ளைகளும் அறிவார்கள். தேறாமல் திரும்பிவரும் பிள்ளைகளை அந்தப் படத்துக்குக் கீழே உட்காரவைத்து, அடுத்து என்ன செய்யலாம் என்று பேச அங்கே ஒருவரும் இல்லை என்பது எனக்குக் குறையாகவே படுகிறது. வேறு வழிகள் இருக்கின்றன. பொறியியல் படிப்புக்கான ஜே.இ.இ. மெயின் நுழைவுத் தேர்வை 2021 முதல் தமிழிலும் எழுதலாம். அதன் தரவரிசையைக் கொண்டு கடற்படையின் பிளஸ் டூ பி.டெக். நுழைவுக்கும் தரைப்படையின் தொழில்நுட்ப நுழைவுக்கும் எஸ்.எஸ்.பி. அழைப்புப் பெறலாம். கடற்படை வழியில் சேருபவர் நேரே கேரளத்தின் எழிமலையிலுள்ள கழகத்தில் நான்காண்டு படிக்கிறார். வினாத்தாளின் மொழியே தடையாக இருக்கும் தமிழ் வழிப் பிள்ளைக்கு இது எவ்வளவு முக்கியமான செய்தி! பத்து மாதங்களில் ஒரு முறைகூட இது சொல்லப்படவில்லை.

எல்லாவற்றையும்விடப் பெரிய குறை, தேர்வான பிறகு தெரிந்தது. மகனுக்கு அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 விழுக்காடு ஒதுக்கீட்டில் பொறியியல் கல்லூரியில் இடம் கிடைத்து, முதல் பருவ வகுப்புகளுக்குப் போய்க்கொண்டிருந்தான். ஏப்ரலில் தேர்வெழுதியவர்கள் அடுத்த ஜனவரியில்தான் கடக்வாஸ்லாவுக்குப் போக முடியும் என்பதால் இடையில் இப்படி ஒரு கல்லூரி வாழ்க்கை தொடங்கிவிடுகிறது. அந்த ஒதுக்கீட்டில் கல்விக் கட்டணமும் விடுதிக் கட்டணமும் அரசுடையவை. என்.டி.ஏ.விலும் படிப்பு, தங்குமிடம், உணவு, சீருடை, மருத்துவம் எல்லாம் அரசின் செலவு. கைச்செலவுக்கு மட்டும் நாம் மாதம் ஒரு தொகை கொடுக்க வேண்டும், வருமானம் குறைந்த குடும்பத்துக்கு அதற்கும் உதவி உண்டு. ஆகவே பணத்தை வைத்து இந்த முடிவை எடுக்க எங்களுக்கு வழியில்லை. எது பிள்ளைக்கு உகந்த கல்லூரி என்ற கேள்வி மட்டுமே எஞ்சியது. அந்தக் கேள்வியோடு மையத்துக்குப் போனபோது, ‘இது என்ன யோசனை, வேலை கிடைத்துவிட்டது, பிடிக்காவிட்டால் பிறகு வந்துவிடலாம்’ என்றார் நிர்வாகி.

அது உண்மையன்று. யு.பி.எஸ்.சி. அறிவிக்கையின் பின்னிணைப்பில் இருப்பதை இரண்டு இரவுகள் அகராதியோடு உட்கார்ந்து படித்து, என் கணவருக்காகத் தமிழில் எழுதினேன். பெற்றோர் இரண்டு பொறுப்புகளை ஏற்றுக் கையெழுத்திட வேண்டும். பயிற்சியில் பிள்ளைக்குக் காயமோ உயிருக்கு ஆபத்தோ நேர்ந்தால் அரசிடம் இழப்பீடு கோரும் உரிமை நமக்கு இல்லை என்பதைப் புரிந்துகொண்டதாக ஒரு சான்று. தன் கட்டுப்பாட்டுக்கு உட்பட்ட காரணத்தால் பிள்ளை இடையில் விலகினாலோ, முடிவில் அதிகாரிப் பணியை ஏற்க மறுத்தாலோ, அதுவரை அவனுக்காக ஆன செலவை முழுவதுமாகவோ பகுதியாகவோ திருப்பிக் கட்டுவோம் என்று ஓர் உறுதிப் பத்திரம். படகுக் கடனுக்கே நான்கு முறை யோசித்துக் கையெழுத்துப் போடுகிற என் கணவர், முதல் தாளைப் படித்துவிட்டு வெகுநேரம் பேசவில்லை. பயிற்சியில் காயமடைந்து மருத்துவக் காரணத்தால் வெளியே அனுப்பப்பட்ட கேடட்டுகளின் நிலையை உச்ச நீதிமன்றம் தானாக முன்வந்து விசாரணைக்கு எடுத்ததும் அதே 2025 ஆகஸ்டில்தான். அவர்கள் அதிகாரியாகும் முன்பே காயமடைந்ததால் முன்னாள் படைவீரர் என்ற தகுதி அவர்களுக்குக் கிடைப்பதில்லை. அதன்பின் முன்னாள் படைவீரர் மருத்துவத் திட்டத்தில் அவர்களைச் சேர்க்க அரசு இசைந்தது என்றாலும், மகனை அனுப்பும் ஒரு தாய் இதைச் செய்தித்தாளில் தற்செயலாகப் பார்த்துத் தெரிந்துகொள்ளும் நிலை இருக்கக் கூடாது.

அங்கே அவன் வாழப்போகும் மூன்றாண்டுகள் எப்படிப்பட்டவை என்பதையும் நாங்களே தேடித் தெரிந்துகொண்டோம். 1949-இல் நேரு அடிக்கல் நாட்டி, 1955 ஜனவரியில் முறையாகத் திறக்கப்பட்ட அந்தக் கழகத்தில், முப்படைக்கும் உரிய பிள்ளைகள் ஆறு பருவங்கள் ஒன்றாக வளர்கிறார்கள். தம் படைக்கான சிறப்புப் பயிற்சி கடைசி ஆண்டில்தான் வருகிறது. கலை, அறிவியல், கணினி அறிவியல் பட்டங்களை ஜவஹர்லால் நேரு பல்கலைக்கழகம் அளிக்கிறது. பி.டெக். பிரிவில் சேரும் கடற்படைக் கேடட் மூன்றாண்டுகள் கடக்வாஸ்லாவிலும் நான்காம் ஆண்டை எழிமலையிலும் முடிக்கிறார். விடியுமுன் தொடங்கும் உடற்பயிற்சியும் அணிவகுப்பும், பகலில் வகுப்பும், மாலையில் விளையாட்டுமாக நாள் முழுவதும் நிரம்பியிருக்கும். உடல்தேர்விலோ பாடத்திலோ பின்தங்கினால் ஒரு பருவத்தை மறுபடி செய்ய நேரலாம். குதிரையேற்றம் உண்டு, நீச்சல் உண்டு, கடக்வாஸ்லா ஏரியில் பாய்மரப் படகுப் பயிற்சியும் உண்டு.

இவை அனைத்தையும் தமிழில் எழுதி மகனிடம் கொடுத்து, ஒரு வாரம் கழித்துச் சொல் என்றோம். அந்த வாரம் அவன் தினமும் என் கணவரோடு கடலுக்குப் போய்வந்தான். பொறியியல் வேண்டாம் என்று அவன் சொல்லவில்லை, பி.டெக்.காகப் படித்துக் கடற்படைக்கே போகிறேன், விலக மாட்டேன் என்று சொன்னான். டிட்வா புயலால் படகுகள் கரையில் நின்ற நாட்களை ஒட்டி, கார்த்திகையில் அழைப்பு வந்தது. என் கணவர் இரண்டு தாள்களிலும் அதன் பின்னரே கையெழுத்திட்டார். பொறியியல் கல்லூரியிலிருந்து மாற்றுச் சான்றிதழையும் அசல் மதிப்பெண் பட்டியல்களையும் திரும்பப் பெற இரண்டு வாரம் அலைய நேர்ந்தது; இதே வழியில் போகிறவர்கள், கல்லூரியில் சேரும்போதே அசல்களைப் பார்த்துவிட்டுத் திருப்பித் தருமாறு கேட்டுக்கொள்ளுங்கள்.

ஆகவே என் மதிப்பீடு இதுதான். எழுத்துத் தேர்வு வகுப்பில், அதிலும் அந்தக் கணித ஆசிரியர் இருக்கும் வரையில், தமிழ் வழிப் பிள்ளைகளைத் தயங்காமல் சேர்க்கலாம். 34,000 ரூபாய்க்கு அது தகும். ஆங்கிலத்துக்கு வீட்டில் தனியே உழைக்க வேண்டும். பத்து நாள் முகாமில் சேர்க்க வேண்டாம். முடிவெடுக்கும் நேரத்தில் மையத்தின் பேச்சை நம்பாமல் அறிவிக்கையை முழுவதும் படியுங்கள், ஆங்கிலம் தெரிந்த ஒருவரை வைத்தாவது படியுங்கள்.

ஜனவரியில் மகனை அனுப்பிவிட்டு வந்த மறுவாரம், மையத்தார் அவன் படத்தைப் போட்டு ஃபிளெக்ஸ் பேனர் ஒன்றைப் பேருந்து நிலையத்தின் அருகே கட்டியிருந்தார்கள். ‘எங்களால் வேலை பெற்றவர்’ என்று எழுதியிருந்தது. நான் நேரில் போய், அவன் வேலைக்குப் போகவில்லை, படிக்கப் போயிருக்கிறான், அதை அப்படியே எழுதுங்கள் என்று கேட்டுக்கொண்டேன். நிர்வாகி முதலில் சற்றுத் தயங்கினார். இரண்டு நாள் கழித்துப் பேருந்திலிருந்து பார்த்தபோது பேனர் மாறியிருந்தது: ‘தேசியப் பாதுகாப்புக் கழகத்தில் பயிலும் நம் மாணவர்’. வாசற்பலகையில் இருக்கும் ‘வேலை உறுதி’ என்ற வரியை எடுப்பதைப் பற்றி யோசிப்பதாகச் சொல்லியிருக்கிறார். மே மாதச் சேர்க்கைக்கு முன் மறுபடியும் போய்க் கேட்பேன்.